மூன்று மணிக்கே எழும் ஆயாவுக்குத் தூக்க மாத்திரை எதற்கு?

இந்த மாதம் இது மூன்றாவது ஆள். குடியாத்தம் பக்கத்துக் கிராமம், வயது 76, தறியில் உட்கார்ந்தே காலம் கழித்தவர். நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்து, தள்ளாடி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்திருக்கிறார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "ஆயாவுக்குத் தூக்கமே இல்ல டாக்டர், மெடிக்கல்ல அல்பிரசோலம் வாங்கிக் குடுத்தோம்" என்றார் பேரன். மயக்கம் தரும் மாத்திரை அது, ராத்திரி எழுந்தால் தள்ளாடத்தான் செய்யும்.

எத்தனை மணிக்குப் படுப்பார்? எட்டுக்கு. எழுவது? மூன்றுக்கு. ஏழு மணி நேரம் ஆகிவிட்டதே! நீங்கள் பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தாலும் அதே ஏழுதான், அதை யாராவது தூக்கமின்மை என்கிறார்களா? ஆயாவின் தூக்கம் குறையவில்லை, முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வீடே தூங்கும்போது அவர் மட்டும் விழித்திருப்பதால் அது நோயாகிவிடாது. இதை வாரத்துக்குப் பத்து பேரிடமாவது சொல்கிறேன்.

மூளைக்குள் சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்து உடலின் கடிகாரமாக வேலை செய்கின்றன. அதைத் தினமும் சரிசெய்வது கண் வழியே வரும் வெளிச்சம். வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, கடிகாரத்துக்கு வேண்டிய நீல ஒளியைத் தடுக்கிறது, இரவில் சுரக்கும் மெலட்டோனினும் குறைகிறது. அப்புறம் நாமும் அவர்களை டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளறையிலேயே உட்கார வைத்துவிடுகிறோம்.

உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. அவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது செல்களுக்கு உண்டாகும் சேதத்தைத் தடுக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை, கடிகாரத்தோடு ஏறி இறங்கும். வயதான எலிகளின் மூளையில் இந்த ஏற்ற இறக்கமே மங்கிப்போவதைப் பார்த்திருக்கிறார்கள். கடிகார மரபணு பிமால்1 இல்லாத எலிகளின் மூளையிலும் இதே சேதம் அதிகம்.

இதைக் கேட்டதும் வெளிநாட்டு மகன், இந்தச் சேதத்தைத் தடுக்கும் என்று விற்கப்படும் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட் டப்பா அனுப்புவார். வேண்டாம், தயவுசெய்து. சுமார் 35,000 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது, 2011இல் வெளியான முடிவு இது.

செய்ய வேண்டியது வேறு. நன்றாக விடிந்த பிறகு வெளியே நடக்கட்டும். மாலை ஐந்திலிருந்து பொழுது சாயும்வரை திண்ணையில் உட்காரட்டும், நம்ம ஊர் மே மாத வெயிலில் நிழலில் இருந்தாலே போதும், மாலை வெளிச்சம் தூக்கத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளும். மூன்று மணிக்கு எழுந்ததும் பளிச்சென்று விளக்கைப் போடாதீர்கள், அது கடிகாரத்தை இன்னும் முன்னால் இழுக்கும். பாத்ரூம் வழியில் மங்கலான ஒரு பல்பு இருக்கட்டும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

சீக்கிரம் விழிப்பதோடு சாப்பாடும் பேச்சும் குறைந்தாலோ, திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ அது வேறு விஷயம், உடனே கூட்டி வாருங்கள். மாதக்கணக்கில் அல்பிரசோலம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், வலிப்புகூட வரலாம். அட்டையோடு டாக்டரிடம் வாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம்.