லட்சம் கிலோமீட்டர் தாண்டின காரா? பிளக் கேப்ப ஒரு தடவை அளந்து பாருங்க

சர்வீசுக்கு வர்றவங்ககிட்ட ஸ்பார்க் பிளக் (என்ஜினுக்குள்ள பெட்ரோல பத்தவைக்க பொறி அடிக்கற சாமான்) மாத்தணும்னு சொன்னா பாதி பேர் சொல்றது ஒண்ணுதான், "வண்டி நல்லாதானே ஓடுது, அத எதுக்கு இப்ப தொடணும்?" அவங்க பொய் சொல்லல, நிஜமாவே வண்டி ஓடுது. ஆனா பிளக் ஒரே நாள்ல செத்துப்போற சாமான் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா தேயுற சாமான், அதனால தினமும் ஓட்டுறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, முன்ன மாதிரி இழுக்கலன்னு கால் தானா கொஞ்சம் அதிகமா ஆக்சிலேட்டர அமுக்கும், அவ்வளவுதான்.

என்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் செகண்டுக்கு 25 தடவை பொறி அடிக்குது. ஒவ்வொரு பொறிக்கும் எலக்ட்ரோடு முனையில, அதாவது பொறி தாண்டற ரெண்டு கம்பி முனையில, துளியூண்டு உலோகம் போகுது. அப்படி தேஞ்சு தேஞ்சு அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற கேப் (இடைவெளி) பெருசாகும், கேப் பெருசானா பொறி தாண்டறதுக்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேணும், அந்த பாரம் முழுசும் பிளக்குக்கு வோல்டேஜ் குடுக்கற இக்னிஷன் காயில் தலையில விழுது.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ஒரு வண்டி வந்துச்சு, மேடு ஏறும்போது மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் அப்பப்ப எரியாம விடறது) அடிக்குது, ஒரே சிலிண்டருக்கு ரெண்டு தடவை காயில் மாத்தியாச்சு, மூணாவதும் போற நிலைமை. யாருமே பிளக்க கழட்டி பாக்கல. நான் கழட்டி அளந்தேன், 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கேப் 1.6 தாண்டி இருந்துச்சு. புது பிளக் நாலு போட்டதும் மிஸ்ஸிங் நின்னுச்சு. அந்த ஓனர் காயிலுக்கு செலவு பண்ணத நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமாதான் இருக்கு.

காயிலோட போச்சுன்னா பரவால்ல. மிஸ் ஆகற சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போயி கேட்டலிடிக் கன்வர்ட்டர்ல (புகைய சுத்தம் பண்ற பாகம்) எரியும், அது சூடு தாங்காம உருகிப்போற அளவுக்கு போகும். செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா தயவுசெஞ்சு வண்டிய மிதிச்சு ஓட்டாதீங்க, அது அந்த எச்சரிக்கைதான்.

சாதாரண நிக்கல் பிளக் பல வண்டிகளுக்கு 30-50 ஆயிரம் கிலோமீட்டர் வரும், இரிடியம், பிளாட்டினம் ஒரு லட்சம் வரைக்கும்கூட போகும், உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. பழைய வண்டி வாங்கி, எப்ப மாத்தினாங்கன்னே தெரியலன்னா கழட்டி பாத்துடறதுதான் நல்லது.

கழட்டறது என்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான். பிளக் மாட்டியிருக்கற அலுமினியம் ஹெட்டு (என்ஜினோட மேல் பாகம்) சூடா இருக்கும்போது திருகினா மரை உரிஞ்சு பிளக்கோட வந்துடும். முதல்ல பிளக் இருக்கற குழிக்குள்ள காத்தடிச்சு சுத்தம் பண்ணுங்க, இல்லன்னா அங்க கெடக்கற மண்ணு நேரா சிலிண்டருக்குள்ள விழும். ரொம்ப நாள் கழட்டாத பிளக் இறுகி நிக்கும், அப்ப பலத்த காட்டாதீங்க, துருவுக்கு அடிக்கற ஆயில் கொஞ்சம் விட்டு ஊற வச்சு, கால் சுத்து கழட்டி, திரும்ப கொஞ்சம் உள்ள விட்டு, மறுபடி கழட்டி, இப்படி பொறுமையாதான் வரணும்.

கழட்டின பிளக்க தூக்கி போடாதீங்க, சிலிண்டர் வரிசையிலயே அடுக்கி வைங்க. அதிகம் ஓடின என்ஜினுக்கு இதுதான் ரிப்போர்ட் மாதிரி. முனை வெளிர் பழுப்பா இல்ல சாம்பல் நிறமா இருந்தா நல்லா எரியுதுன்னு அர்த்தம். காஞ்ச கரி மாதிரி கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகமா போகுது, இல்ல ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கு. ஈரமா எண்ணெய் பசையோட இருந்தா பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சு ஆயில் உள்ள வருது. வெள்ளையா வெந்து கொப்புளிச்ச மாதிரி இருந்தா ஓவர்ஹீட். முனை சுத்தமா இருந்து வெளிப்பக்கம் மட்டும் ஆயில்ல நனைஞ்சிருந்தா பயப்படாதீங்க, அது மேல இருக்கற வால்வு கவர்ல பிளக் குழி சீல் போயிருக்கு, அத மாத்தினா போதும். ஆனா மாத்தாம புது பிளக் மட்டும் போட்டா காயில் ரப்பர் ஆயில்ல ஊறி திரும்ப மிஸ்ஸிங் வரும்.

புது பிளக் பாக்கெட்லயே கேப் செட் பண்ணிதான் வருதுன்னு சொல்வாங்க. பெரும்பாலும் சரியா இருக்கும், ஆனா வர்ற வழியில எங்கயாவது விழுந்திருந்தா வளைஞ்சிருக்கும், அதனால நான் நாலையும் அளக்காம போடறதில்ல. கம்பி மாதிரி இருக்கற கேஜ வச்சு பாருங்க, லேசா உரசிக்கிட்டு போனா சரி. கேப் குறைக்கணும்னா பக்கத்துல வளைஞ்சு நிக்குதே அந்த கம்பியத்தான் மெதுவா தட்டணும், கூட்டணும்னாலும் அதையேதான் நிமித்தணும், நடு எலக்ட்ரோடு மேல எதையும் வச்சு நெம்பக்கூடாது. இரிடியத்துல அந்த முனை 0.4ல இருந்து 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான், காசு மாதிரி இருக்கற வட்ட கேஜ அதுல நுழைச்சு திருகினா ஒடஞ்சுடும். தரையில விழுந்த பிளக்க போடவே போடாதீங்க, பீங்கான்ல விரிசல் வெளிய தெரியாது.

மாட்டும்போது முதல் சில சுத்து கையாலயே போகணும், ஒரு ரப்பர் டியூப்ப பிளக் தலையில சொருகி திருகுங்க, மரை தப்பா ஏறினா டியூப் வழுக்கும், ராட்செட் ஸ்பானரா இருந்தா வழுக்காது, ஹெட்டு மரைய நாசம் பண்ணிட்டுதான் நிக்கும். வாஷர் இருக்கற 14 மில்லிமீட்டர் புது பிளக்குன்னா கையால உக்காந்ததுக்கு அப்புறம் சுமார் அரை சுத்து, கூம்பு சீட் பிளக்குன்னா பதினாறுல ஒரு பங்கு சுத்து. டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பானர்) இருந்தா மேனுவல்ல சொன்ன அளவு வைங்க. மரையில கிரீஸ் எதுவும் தடவாதீங்க, வழுக்கலாயி தேவைக்கு மேல இறுகிடும்.

எல்லாம் மாத்தியும் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகுதுன்னா, ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் இருக்கற வண்டியில உடனே புது காயில் வாங்காதீங்க, அந்த காயில கழட்டி பக்கத்து சிலிண்டர்ல மாட்டி பாருங்க. மிஸ்ஸிங்கும் கூடவே அந்த பக்கம் போச்சுன்னா காயில்தான், அதே இடத்துலயே நின்னா பெட்ரோல் தெளிக்கற இன்ஜெக்டர், சிலிண்டர் அழுத்தம் (கம்ப்ரெஷன்)னு அடுத்தத பாக்கணும்.