அறிக்கை எழுத முன் அடுப்படிக்குப் போங்கள்: சிறு வியாபாரிகளுக்கு உதவ வரும் மாணவர்களுக்கு

முகாமைத்துவம் படிக்கும் மாணவர்கள், கணக்கியல் தொழிற்பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செமஸ்டருக்கு வந்து போகிறவர்கள் என்று பலர் கொழும்பில் உள்ள சிறு வியாபாரிகளுக்கு உதவ விரும்பி வருகிறார்கள். கணக்காளராக வேலை செய்துகொண்டே அப்படிப்பட்ட குழுக்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, தெமட்டகொடை, வெள்ளவத்தை என்று எந்தப் பக்கம் அனுப்பினாலும், அவர்கள் கொண்டுவரும் முதல் வரைவு அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். கடைக்கு ஒரு லோகோ, ஒரு பேஸ்புக் பக்கம், பொதியில் ஒட்ட ஒரு லேபல், கடைசியில் "வங்கிக் கடன் பெற்று விரிவாக்கலாம்" என்று ஒரு பரிந்துரை. அந்த வியாபாரத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்ற எண்ணை மட்டும் எந்தப் பக்கத்திலும் காண முடியாது.

அந்த எண் பெரும்பாலும் வியாபாரியிடமும் இருக்காது. அதைக் கண்டுபிடித்து அவர் கையில் கொடுப்பதுதான் ஒரு மாணவரால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் திடமான கருத்து.

கொட்டாஞ்சேனையில் வீட்டில் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் கிட்டிய முழுத் தொகைகளாக்கியவை. முறை அப்படியே நாங்கள் செய்ததுதான். ஒரு நாளைக்கு 600 இடியப்பம், ஒன்று 10 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். அரிசி மா 12 கிலோ, 3,000 ரூபாய். "மாக் காசு போக மிச்சம் எனக்குத்தானே, பிள்ளை" என்பார் அவர். அவர் மனதில் உள்ள இலாபம் 3,000 ரூபாய்.

அவர் வீட்டுக்கு நான் அனுப்பிய இரு மாணவிகளும் முதல் வாரம் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. நான் சொல்லக் கூடாது என்றே சொல்லியிருந்தேன். புதிய காஸ் சிலிண்டர் பூட்டிய அன்று மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே திகதியை எழுதினார்கள். 12.5 கிலோ சிலிண்டர் எத்தனை நாளில் முடிகிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. முடிந்தால் அடுத்ததை வாங்குவார்கள், அவ்வளவுதான். ஐந்து நாளில் முடிந்தது. சிலிண்டர் 3,700 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 740. உதவிக்கு வரும் பெண்ணுக்கு 1,000. பைக்கும் ஓட்டோவுக்கும் 250. பிறகு ஒரு விஷயம் வெளிவந்தது. கடைகள் விற்காத இடியப்பத்தைக் காலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சராசரியாக 40. அது வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சாப்பாடாகிப் போய்விடுவதால் நட்டமாக யாருக்கும் தெரிவதில்லை. அதற்கு 400 ரூபாய்.

எல்லாம் கழித்தால் 610 ரூபாய். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து ஒன்பது மணிவரை நின்றபடி செய்யும் ஏழு மணிநேர வேலைக்கு மணிக்கு 87 ரூபாய். தான் உதவிக்கு வைத்த பெண்ணுக்குக் கொடுக்கும் சம்பளம் தனக்குக் கிடைப்பதைவிடக் கூட என்பதை அந்த அம்மா அன்றைக்குத்தான் தாளில் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் ஆலோசனைக்குப் பெறுமதி வருகிறது. விலையை ஒரு ரூபாய் கூட்டினால், விற்கும் 560 இடியப்பத்துக்கும் 560 ரூபாய் சேர்ந்து மிச்சம் 1,170 ஆகிறது. ஏறத்தாழ இரட்டிப்பு. திருப்பி வருவதைப் பாதியாக்கினாலே 200 ரூபாய். எந்தக் கடையிலிருந்து அதிகம் திரும்பி வருகிறது என்று குறித்துவைத்தால் அந்தக் கடைக்குக் குறைத்துக் கொடுக்கலாம். இதற்கு லோகோ தேவையில்லை. கடனும் தேவையில்லை. அந்த நிலையில் பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு 600-ஐ 1,000 ஆக்கியிருந்தால், மணிக்கு 87 ரூபாய்க்கு இன்னும் கூடுதல் நேரம் நின்றிருப்பார்.

விலையைக் கூட்ட அவர் பயப்பட்டதற்கும் காரணம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம் வரை போனது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். அந்த நாட்களில் வாரத்துக்கொரு விலை சொல்லிச் சொல்லி வாடிக்கையாளரை இழந்தவர்கள் பலர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆகவே "விலையைக் கூட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. பக்கத்துத் தெருவில் மற்றவர்கள் என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் நாலு கடையில் கேட்டு எழுதிக் கொடுத்தபோதுதான் அவருக்குத் துணிவு வந்தது.

பாடத்திட்டத்தை அப்படியே கொண்டுபோய்ச் சொல்வதால் இலாபம் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஆய்வு உண்டு. பொருளியலாளர்கள் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் கொழும்பையும் கண்டியையும் அண்டிய பகுதிகளில் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களில் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது அவர்களுடைய நடைமுறைகள் சில மாறின, இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு பணமும் கொடுத்தபோது ஆரம்பத்தில் இலாபம் கூடி, இரண்டாவது வருடத்தில் அந்த ஏற்றம் மறைந்துபோனது. புதிதாகத் தொழில் தொடங்க இருந்தவர்களுக்குத்தான் பயிற்சி கூடுதலாகப் பயன்பட்டது. இது சோர்ந்துபோவதற்கான செய்தி இல்லை. எவருக்கு எதைக் கொடுப்பது என்று யோசிக்கச் சொல்கிற செய்தி.

டொமினிக்கன் குடியரசில் நடந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான கணக்கியல் வகுப்பு எடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு நினைவில் நிற்கும் சில எளிய விதிகளை மட்டும் சொன்னார்கள். வியாபாரக் காசும் வீட்டுக் காசும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கணக்கியல் வகுப்பால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, எளிய விதிகளைக் கேட்டவர்களிடம் மாற்றம் தெரிந்தது. கொழும்பிலும் நான் காண்பது இதுதான். ஐந்தொகை (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கு) விளக்கப் போன மாணவருக்கு முதலாளி தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். இரண்டு பிஸ்கட் டின் வாங்கிக் கொடுத்து, "ஐயா, இது கடைக்கு, இது வீட்டுக்கு. வீட்டுக்கு எடுக்கிறதை நாளுக்கு ஒருமுறை மட்டும் எடுங்கோ, எடுத்ததை இந்தக் கொப்பியில எழுதுங்கோ" என்று சொன்ன மாணவரை அடுத்த கிழமை அவரே கூப்பிடுவார்.

கடன் கொப்பி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "கடன் அன்பை முறிக்கும்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் பலசரக்குக் கடையில்தான் தடித்த கடன் கொப்பியும் இருக்கும். மாணவர்கள் அதைக் கண்டதும் "கடன் கொடுப்பதை நிறுத்துங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். நாட்கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் வேலை செய்பவர்கள் நெருக்கமாக வாழும் கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளில் கடன் கொடுக்காத கடையில் யாரும் சாமான் வாங்க மாட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டோடு அந்தக் கடை போட்டிபோட்டு நிற்பதே அந்தக் கொப்பியால்தான். செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு பெயருக்கும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். முப்பது நாளுக்குள் உள்ளது, அதைத் தாண்டியது, மூன்று மாதம் தாண்டியது என்று பிரித்து எழுதுங்கள். சம்பள நாளில் ஒழுங்காகத் தருகிறவர் யார், சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டு போகிறவர் யார் என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். பிறகு யாருக்கு எவ்வளவு வரை கொடுப்பது என்று முதலாளியே தீர்மானிப்பார். அந்த மனிதர்களை உங்களைவிட அவருக்குத் தெரியும்.

பரிந்துரையில் "வங்கிக் கடன்" என்று எழுத முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காதவர் அதை எழுதவே கூடாது. ஒரு இலட்சம் ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம் பிளாட் ரேட், பன்னிரண்டு மாதத் தவணை என்று யாராவது கொடுத்தால் மாதம் சுமார் 10,333 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதமே அசலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. ஆனால் வட்டி கடைசிவரை முழு இலட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி வருடத்துக்கு 41 சதவீதத்தைத் தாண்டும். 24 என்று நினைத்துக் கையெழுத்து வைப்பவர்கள் ஏராளம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதும், பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சொல்ல ஆள் இல்லாததும் இதற்குக் காரணம். மாணவர்களே, உங்கள் ஆங்கிலம் மிகவும் தேவைப்படும் இடம் இது. கடிதத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லுங்கள். பிணை நிற்பது என்றால் என்ன, தவணை தவறினால் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் அது பதியப்படுவது என்றால் என்ன என்று விளக்குங்கள். கையெழுத்து வைக்கலாமா வேண்டாமா என்பதை மட்டும் அவர்கள் சார்பில் முடிவெடுக்காதீர்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பற்றியும் பயம் அதிகம். பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிந்தால் மறுநாளே வரிக்காரர் வந்து நிற்பார் என்று நினைக்கிறார்கள். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு கோடிக்கணக்கான ரூபாய் வருட விற்பனை உள்ளவர்களுக்கு உரியது. தனிநபர் வருமான வரியில் 2025 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. நாளுக்கு 610 ரூபாய் மிஞ்சும் அம்மாவுக்கு இதில் எதுவும் பொருந்தாது. பெயர்ப் பதிவு இருந்தால் வியாபாரப் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறக்கலாம். தொலைபேசியால் ஸ்கேன் செய்து காசு செலுத்த உதவும் லங்கா கியூஆர் ஸ்டிக்கரை வைத்தால் விற்பனை வங்கிப் பதிவாகச் சேரும். கடன் கேட்கும் நாளில் அந்தப் பதிவு பேசும். கட்டணம் எவ்வளவு என்று வங்கியில் கேட்டு எழுதிக் கொடுப்பதும் மாணவரின் வேலைதான்.

நேரத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. கென்யத் தலைநகர் நைரோபியில் டண்டோரா என்ற இடத்தில் பெண்களின் சிறுதொழில்களில் ஓர் ஆய்வு நடந்தது. வகுப்பில் பாடம் கேட்டவர்களுக்கு இலாபம் கூடவில்லை. அதே ஊரில் வெற்றிகரமாகத் தொழில் செய்பவரை வழிகாட்டியாகப் பெற்றவர்களுக்குச் சராசரியாக 20 சதவீதம் கூடியது. எங்கே மலிவாக வாங்கலாம் போன்ற ஊர் விவரம் அவர்களுக்குக் கிடைத்தது முக்கிய காரணம். வழிகாட்டியைச் சந்திப்பது நின்றதும் அந்தப் பயனும் தேய்ந்துபோனது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. முதலாவது, மாணவர் எல்லாம் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை, இணைத்துவிடுபவராக இருந்தால் போதும். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் பைகளும் பெட்டிகளும் மொத்தமாக என்ன விலை என்று ஒரு நாள் முழுக்க நடந்து எழுதிக்கொண்டு வந்த குழு ஒன்று, மூன்று பெண்கள் சேர்ந்து ஒன்றாக வாங்க வழிசெய்தது. அதற்கு அவர்கள் கொடுத்தது கால் வலி மட்டுமே. இரண்டாவது, செமஸ்டர் முடிந்ததும் காணாமல் போகக் கூடாது. போகிற பெட்ச் வருகிற பெட்ச்சை நேரில் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்த வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் உள்ளூர் மாணவர்களோடு சோடியாகப் போக வேண்டும். அதிகாலை வேலைக்கு எவரையும் தனியாக அனுப்பக் கூடாது. விரிவுரையாளர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது, புள்ளியில் ஒரு பகுதியைப் பவர்பாயின்டுக்குக் கொடுக்காமல், மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது அந்தக் கொப்பி இன்னும் எழுதப்படுகிறதா என்பதற்குக் கொடுங்கள் என்று.

படம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒருவருடைய வருமானத்தை மண்டபத்துத் திரையில் முகத்தோடும் பெயரோடும் போடுவது பெரும் தவறு. அந்தத் தொகை அவருடைய சகோதரருக்கோ சீட்டுக்காரருக்கோ தெரியவரும்போது என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடைக்குப் பிள்ளைகள் வந்தால் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை கிழமை வருவீர்கள், என் கணக்கை வேறு யார் பார்ப்பார்கள், நீங்கள் போன பிறகு நான் யாரைக் கேட்பது. சரியான பதில் சொல்பவர்களை உள்ளே கூப்பிடுங்கள். கொப்பி மட்டும் உங்களிடமே இருக்கட்டும், அவர்களுக்குத் தேவையானதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும்.