‘வினாவுள்ளவர்கள்’ என்றால் தந்திரக்காரர்களா?

“வேதமே தந்திரமா இருக்கச் சொல்லுதுங்க, பாம்பைப் போல!” வியாபாரிகளுக்கான ஜெபக் கூட்டம், வாலிபர் முகாம், யூடியூப் பிரசங்கம் என்று எங்கே போனாலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்லப்படும் வசனம் மத்தேயு 10:16. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இப்படி இருக்கிறது: “சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போலக் கபடற்றவர்களுமாய் இருங்கள்.” தந்திரம் என்ற சொல்லே அதில் இல்லை.

முதலில் ‘வினா’. இன்று அதற்குக் கேள்வி என்ற ஒரே பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. அதனால் “பாம்பைப் போல கேள்வி கேளுங்கள்” என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. பாம்பு யாரிடம் போய்க் கேள்வி கேட்டது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. (ஏதேனில் ஒரு தடவை கேட்டது, அது நல்லதுக்கு இல்லை.) வினவுதல் என்றால் கேட்டு, ஆராய்ந்து, தெரிந்துகொள்வது. அப்படித் தெரிந்துகொண்டவனிடம் இருக்கும் புத்தியும் வினாதான். நீதிமொழிகள் 1:4-இல் “பேதைகளுக்கு வினாவையும்” கொடுக்கும் என்று வருவதும் இந்தப் பொருளில்தான். பேதைக்கு யாரும் வினாத்தாள் கொடுக்கப் போவதில்லை.

மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ப்ரோனிமோஸ். காரிய புத்தி உள்ளவன், முன்பின் யோசித்து நடப்பவன் என்று பொருள். இயேசு இந்தச் சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்துகிறார் என்று பார்த்தால் அகராதியே தேவையில்லை. கன்மலையின்மேல் வீடு கட்டினவன் ப்ரோனிமோஸ். தீவட்டியோடு பாத்திரத்தில் எண்ணெயும் எடுத்துப்போன ஐந்து கன்னிகைகளும் ப்ரோனிமோஸ்தான். அஸ்திவாரம், எண்ணெய், ராத்திரி எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு என்று எல்லாமே வீட்டுக் காரியம். இதில் தத்துவமும் இல்லை, தந்திரமும் இல்லை.

தந்திரக் கட்சிக்காரர்களிடம் இரண்டு ஆதாரங்கள் உண்டு, இரண்டும் லேசானவை அல்ல. லூக்கா 16-இல் வேலை போகப்போகிற உக்கிராணக்காரன் (எஜமானின் சொத்தைக் கவனித்துக்கொள்பவன்), நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமைக் கடனை எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். அவன் செய்ததற்கும் இதே சொல்தான். ஆனால் எஜமான் எதை மெச்சினான்? நாளைக்கு என்ன கதி என்று இன்றைக்கே யோசித்ததை. அதே வசனம் அவனை அநீதியுள்ளவன் என்றும் சொல்கிறது. யோசனைக்குப் பாராட்டு, செயலுக்கு வசவு, இரண்டும் தனித்தனி. தந்திரம் என்று மொழிபெயர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது ஆதியாகமம் 3:1. அங்கே சர்ப்பம் “தந்திரமுள்ளதாயிருந்தது” என்று நம் வேதாகமம் சொல்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜின்ட் அந்த இடத்தில் ப்ரோனிமோஸ் என்ற சொல்லின் உச்ச வடிவத்தைத்தான் போட்டிருக்கிறது. அப்படியானால் மத்தேயுவிலும் தந்திரம் தானே என்று கேட்பார்கள். சரி, மூலமான எபிரெயத்தைப் பார்ப்போம். ஆதியாகமத்தில் உள்ள சொல் ஆரூம். அதே ஆரூம் நீதிமொழிகள் 22:3-இலும் வருகிறது, அங்கே தமிழில் “விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்” என்று இருக்கிறது. பாம்புக்குச் சொன்னால் தந்திரம், மனிதனுக்குச் சொன்னால் விவேகம். இது மொழிபெயர்ப்பாளரின் குளறுபடி அல்ல. அந்தச் சொல்லுக்கே இரண்டு பக்கம் உண்டு. மத்தேயுவில் அதைச் சொல்வது சீஷர்களுக்கு, அதனால் விவேகத்தின் பக்கம்தான் பொருந்தும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் பவுலைக் கேட்கலாம். 2 கொரிந்தியர் 11:3-இல் அவர் அதே ஏதேன் பாம்பைப் பற்றிப் பேசுகிறார். அது ஏவாளை வஞ்சித்தது எதனாலே? பனூர்கியாவாலே. எதையும் செய்யத் துணிகிற கள்ளத்தனம் அது. தமிழில் அங்கே தந்திரம் என்றே இருக்கிறது, சரியாகவே இருக்கிறது. ஆக, கள்ளத்தனத்துக்குக் கிரேக்கத்தில் தனிச் சொல் உண்டு, மத்தேயு 10-இல் அது இல்லை.

அந்த அதிகாரத்தையே தொடர்ந்து படித்தாலும் விஷயம் விளங்கிவிடும். ஓநாய்களுக்குள்ளே ஆடுகளாக அனுப்புகிறேன் என்கிறார் இயேசு. மனுஷரைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்கிறார். வரப்பில் நடக்கும்போது நம் காலடி அதிர்வு பட்டதும் சத்தமில்லாமல் புல்லுக்குள் நழுவிவிடுமே, அந்தப் பாம்புதான் இது.

தந்திரம் எங்கிருந்து நுழைந்தது? ஆங்கிலத்திலிருந்து என்றுதான் நினைக்கிறேன். புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில ‘ஷ்ரூட்’ என்று போடுகின்றன. மேடையில் ஆங்கிலப் பிரசங்கத்தை உடனுக்குடன் தமிழாக்குகிறவர் வாயில் அது தந்திரமாகிவிடுகிறது, அவர் கையிலேயே தமிழ் வேதாகமம் விரிந்திருந்தாலும்!

இதே ஆட்கள்தான் இரண்டாம் பாதியைப் “புறாவைப் போல எளிமையாக” என்கிறார்கள். ‘சிம்பிள்’ என்றதும் எளிமை. நம் வேதாகமத் தமிழில் எளியவன் என்றால் ஏழை. “ஆவியில் எளிமையுள்ளவர்கள்” என்று மலைப்பிரசங்கத்தில் வருவதும் அந்த வழியில்தான். எளிமைதான் வேண்டுமென்றால் ஆறு வசனம் மேலே போகலாம்: பை வேண்டாம், இரண்டு அங்கி வேண்டாம், தடி வேண்டாம். புறாவுக்குச் சொன்ன சொல் அகெராயோஸ், கலப்பில்லாதது. தண்ணீர் சேர்க்காத திராட்சரசத்துக்குச் சொல்வது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று இல்லாதவன். கபடற்றவன் என்பது அதற்கு நல்ல தமிழாக்கம், அதைத் தொட வேண்டியதில்லை.

சரி, வினாவுக்குப் பதில் என்ன? 1995-இல் வந்த திருவிவிலியம் “முன்மதி உடையவர்கள்” என்கிறது. பொருள் சரி, ஆனால் பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பையனுக்குப் புத்தி சொல்லும் எந்த அம்மாவும் “முன்மதியோடு போயிட்டு வா” என்பதில்லை. தனித்தமிழ் அன்பர்கள் சூழ்ச்சி என்பதை மீட்கலாம் என்பார்கள். குறளில் “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” என்னும்போது அது ஆலோசனைதான். ஆனால் இன்று சூழ்ச்சி என்றால் தொலைக்காட்சித் தொடர் மாமியார்தான் நினைவுக்கு வருவார். விவேகம் வடசொல் என்றாலும் எல்லோருக்கும் புரியும், வாசிப்புக்கு அது போதும்.

என்னைக் கேட்டால் மதுரைப் பக்கத்துப் பேச்சிலேயே விடை இருக்கிறது. “சூதானமா இரு” என்பார்கள், சுற்றுமுற்றும் பார்த்து, ஏமாறாமல் இரு என்று. கள்ளமில்லாத மனிதரைச் சூதுவாது தெரியாதவர் என்பார்கள். பாம்பைப் போலச் சூதானமாகவும் புறாவைப் போலச் சூதுவாதில்லாமலும் இருங்கள்! தமிழில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அழகு கிரேக்கத்தில்கூட இல்லை. கொச்சை என்று வேதாகம மொழிபெயர்ப்புக் கமிட்டி தள்ளிவிடும், தெரியும்.

கமிட்டி கூடுகிற வேளையில் ரோமர் 16:19-ஐயும் பார்த்துவிட்டால் நல்லது. “தீமைக்குப் பேதைகளுமாயிருக்கவேண்டும்” என்று அங்கே இருக்கிறது. மூலத்தில் அதே அகெராயோஸ். மத்தேயுவில் கபடற்றவன், பிலிப்பியர் 2:15-இல் கபடற்றவன், ரோமரில் மட்டும் பேதை. நீதிமொழிகளில் பேதை என்பவன் எந்த வார்த்தையையும் நம்புகிறவன், ஆபத்து தெரியாமல் நெடுகப்போய் மாட்டுகிறவன். பவுல் ரோமச் சபையை அப்படி இருக்கச் சொல்லவில்லை.