பாடசாலை வளவுக்குள் குப்பை எரிப்பதும் சட்டவிரோதம்தான்

போன கிழமை வாவிக்கரைப் பக்கப் பாடசாலை ஒன்றில் கழிவு முகாமைத்துவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கட்டடத்துக்குப் பின்னால் சோறு சுற்றும் லஞ்ச் சீட்டும் யோகட் கப்பும் பிஸ்கட் உறையும் ஒரே குழியில் எரிந்துகொண்டிருந்தன. கம்பால் கிளறிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் சட்டையில் சுற்றாடலைப் பாதுகாக்கும் மாணவருக்குக் கொடுக்கிற சுற்றாடல் முன்னோடிப் பதக்கம். "துப்புரவாக்குகிறோம், மிஸ்" என்றார்கள். மட்டக்களப்பில் பாடசாலை பாடசாலையாக இதைப் பார்த்து அலுத்துவிட்டது.

பிள்ளைகளில் பிழை இல்லை. எரித்தால் சுத்தம் என்று பழக்கியது நாங்கள்தான். எரித்த குப்பை கண்ணுக்கு மட்டும்தான் மறைகிறது. புகை யன்னலால் வகுப்புக்குள் வருகிறது. இழுப்பு உள்ள பிள்ளையும் அங்கேதான் இருக்கிறது. உருகிய கட்டியும் சாம்பலும் மாரி வெள்ளத்தோடு வாவிக்குள் இறங்குகின்றன. "கொஞ்சம்தானே, காற்றோடு போய்விடும்" என்கிறார்கள். எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குத்தான். "அந்தக் காலத்தில் எரிக்கவில்லையா?" என்பார்கள். அன்று எரித்தது சருகும் ஓலையும். பொலித்தீன் அப்படி இல்லை.

சட்டமும் புதிதல்ல. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2017 செப்டெம்பரில் வந்த வர்த்தமானிகளில் ஒன்று பிளாஸ்டிக் உட்பட குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்தது. பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கும் அப்போதே தடை. இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் கடமை என்று அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை சொல்கிறது. தரம் 1 முதல் 5 வரை 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. அப்புறம் விஞ்ஞானம், புவியியல் என்று பிரிகிறது. ஆனால் தன் வளவுக்குள் எதைச் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்வதை அறியாமலே பிள்ளை சாதாரண தரம் வரை வந்துவிடுகிறது. சோதனைக்கு வராது என்று தள்ளிவிடாதீர்கள், ஆசிரியர்மாரே. ஒரு பாடவேளை போதும்.

அதிபர்மாரே, முதலில் அந்தக் குழியை மூடுங்கள். உக்குவதைச் சேதனப் பசளையாக்குங்கள். பிளாஸ்டிக்கைக் கழுவி, சாக்கில் கட்டி, மாநகர சபை அல்லது பிரதேச சபை வண்டிக்குக் கொடுங்கள். வண்டி வராவிட்டால் கடிதம் எழுதி, சுற்றாடல் உத்தியோகத்தர்களான எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எழுத்தில் இல்லாத முறைப்பாட்டை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் நகர்த்த முடியாது. பெற்றார் கூட்டத்தில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டாயமாக்குங்கள். வசதியில்லாத பிள்ளைக்கு வாழையிலை இருக்கிறது. வர்த்தமானி தமிழிலும் வந்திருக்கிறது. பிரதி வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வகுப்பு எடுக்கவும் வருவோம்.