அப்பாவுக்கு கார்டியன் ஆக முடியுமா?

கோபி, பவானி, பெருந்துறை பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: "அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் வரலைங்க. கோர்ட்டுல சொல்லி என்னைய கார்டியனாப் போட்டுருங்க." நினைவு எப்படி என்று கேட்டால், "அதெல்லாம் தெளிவுங்க, தோப்புல எத்தனை காய் வெட்டுனாங்கன்னு படுத்துக்கிட்டே கணக்கு கேக்கறாரு" என்பார்கள்.

அப்படியென்றால் முடியாது. 18 வயது நிரம்பி, நல்லது கெட்டது புரிகிறவருக்கு நம் சட்டத்தில் கார்டியன் கிடையாது. 1890-ஆம் ஆண்டு கார்டியன் சட்டம் சிறுவர்களுக்கு. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு. கை வராததால் யாரும் மைனர் ஆகிவிடுவதில்லை.

"ஜெர்மனியில முடியுதுங்களே" என்றார் அங்கே வேலை பார்க்கும் ஒருவர். முடியும்தான். 1992 முதல் அங்கே நீதிமன்றம் பெரியவர்களுக்குத் துணையாளரை நியமிக்கிறது. ஆனால் உடம்பு மட்டும் முடியாதவர் என்றால், தன் விருப்பத்தைச் சொல்ல முடிகிறவரை அவரே கேட்டால்தான் நியமனம். மகன் கேட்டு நடக்காது. துணையாளர் வந்ததால் மட்டும் பெரியவருடைய கையெழுத்து செல்லாமலும் போகாது.

இங்கே கார்டியன் இல்லை என்றதும் அடுத்த பேச்சு, "சரி, ஜெனரல் பவர் வாங்கிக்கறேங்க" அல்லது "தோட்டத்தை செட்டில்மெண்ட் எழுதிக்கலாம்". எனக்கு இரண்டும் பிடிக்காது. ஜெனரல் பவர் என்றால் எல்லாக் காரியத்துக்கும் அதிகாரம் கொடுப்பது; செட்டில்மெண்ட் என்றால் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவது. பேங்க், பென்ஷன், கரண்ட் பில் பார்க்க ஆள் வேண்டும் என்றால் அந்தக் காரியங்களை மட்டும் பெயர் சொல்லி எழுதும் ஸ்பெஷல் பவர் போதும். விற்கவும் அடமானம் வைக்கவும் அதில் இடம் கொடுக்காதீர்கள். பெரியவர் நினைத்தால் ரத்து செய்யலாம். பத்திர ஆபீசுக்கு வர முடியாதவர் என்றால் கட்டணம் கட்டி சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். பேங்கில் கையெழுத்துப் போட முடியாதவரின் கைரேகையை, கால் விரல் ரேகையைக்கூட, இரண்டு சாட்சிகளோடு ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சாட்சிகளில் ஒருவர் பேங்க் அதிகாரி. பணத்தை யாரிடம் கொடுப்பது என்றும் பெரியவரே சொல்லலாம். கவுண்டரில் இதை மறுத்தால் மேனேஜரைக் கேளுங்கள்.

செட்டில்மெண்ட் எழுதியே தீருவது என்றால், 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், 60 வயது நிரம்பியவர் அப்படி எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்ய முடியும். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அந்தப் பிரிவுக்குப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொண்டது. எழுதிவிட்டால் இந்த வாதமே வேண்டாம். 'பையன்கிட்டப் போய் கண்டிஷனா' என்று கூச்சப்படுகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம்.

இன்னொன்று. பவர் கொடுத்தவருக்குப் பின்னால் நினைவு தவறினால் அந்தப் பவரும் முடிந்துவிடும். மறதி நோய் முற்றியபின் கார்டியன் நியமனத்துக்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கும். மனநல சிகிச்சைக்கு மட்டும், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி தன் பிரதிநிதியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

எழுதிக் கொடுத்து ஏமாந்தவர்கள் கோட்டாட்சியரிடம் (வருவாய்த் துறை ஆர்.டி.ஓ.) மனு கொடுக்கலாம். ஈரோடு, கோபி, தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி எல்லா இடத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். போக முடியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567-இல் பேசிப் பார்க்கலாம்.