ஒருசந்தி: சொல்லும் பொருளும்

கத்தோலிக்கர் ஈஸ்டருக்கு முன் நோன்பிருக்கும் தபசு காலம் சாம்பல் புதனில் பிறந்துவிட்டால், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் பக்கத்து முதிய அம்மைமாரின் வாயில் இன்றைக்கும் வருகிற சொல் ஒருசந்தி. "எனக்கு இன்னைக்கு ஒருசந்தியாக்கும் சிஸ்டர்" என்று சொல்லி, கொடுத்த பலகாரத்தை வேண்டாமென்று விடுவார்கள். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் இதன் பொருளைக் கேட்டால் சிலர் பட்டினி என்பார்கள், சிலர் இறைச்சி தின்னாமல் இருப்பது என்பார்கள். இரண்டும் அல்ல. ஒரு நாளில் ஒரே ஒரு வேளை நிறைவாக உண்பதுதான் ஒருசந்தி.

சந்தி என்ற வடசொல்லுக்குக் கூடுமிடம், இணைப்பு என்று பொருள். இரவும் பகலும் கூடுகிற வேளையும் சந்தியாயிற்று. அந்திசந்தி என்கிறோம். கோயில்களில் காலைப் பூசைக்குக் காலசந்தி என்று பெயர். நம் ஆலய மணியும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை ஒலிக்கிறது. இன்று மூவேளை செபம் என்பதைப் பழைய செபப் புத்தகங்கள் திரிகால செபம் என்றன. இப்படி வேளைகளாகப் பிரித்த நாளில் ஒரு வேளை மட்டும் உண்டு மற்ற வேளைகளை விட்டுவிட்டால் அது ஒருசந்தி.

இது திருச்சபை உருவாக்கிய சொல் அல்ல. பக்கத்து வீட்டு இந்துக்களும் ஒருசந்தி விரதம் இருக்கிறார்கள். மலையாளத்தில் அதே நோன்புக்கு ஒரிக்கல் என்று பெயர். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மாவட்டம் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அந்தச் சொல்லும் காதுக்குப் புதிதாக இருக்காது. மக்கள் ஏற்கெனவே இருந்துவந்த ஒரு நோன்பின் பெயரை, அதன் பொருள் கெடாமல், கிறிஸ்தவர்களும் தங்கள் நோன்புக்கு வைத்துக்கொண்டார்கள். அதை நான் அன்போடு மதிக்கிறேன்.

ஒருசந்தியோடு ஒட்டிப் பிறந்தது போல வருவது சுத்தபோசனம். திருச்சபைக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் பிள்ளைகளுக்குக் குழப்பம். ஒருசந்தி எத்தனை வேளை உண்கிறோம் என்பதைப் பற்றியது. சுத்தபோசனம் எதை விடுகிறோம் என்பதைப் பற்றியது: ஆடு, மாடு, கோழி முதலியவற்றின் இறைச்சியை விடுவது. மீனுக்குத் தடை இல்லை. சட்டம் அவ்வளவுதான். ஆனால் மீன் அன்றாட உணவாக இருக்கும் கடற்கரையில், வெள்ளிக்கிழமை கோழியை விட்டுவிட்டு நெய்மீன் வாங்கிப் பொரித்தால் அதில் எந்தத் துறவும் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் நான் ஒளிக்காமல் சொல்வதுண்டு. காணத் (கொள்ளுத்) துவையலும் கஞ்சியுமாக வெள்ளியைக் கழிக்கும் வீடுகள் சட்டம் கேட்பதைவிட அதிகம் செய்கின்றன.

சுத்தபோசனம் என்ற சொல்லில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இறைச்சி அசுத்தமானது என்று திருச்சபை போதிப்பதில்லை. எல்லா உணவும் தூயதே என்பது மாற்கு 7:19 சொல்லும் செய்தி. நல்லதென்று தெரிந்தே ஒன்றை விட்டுக்கொடுப்பதுதான் இங்கே தவம். அதனால் புலால் தவிர்த்தல் என்ற தமிழ், பழைய சொல்லைவிடச் சரியானது. புலால் நம்மிடம் பழைய சொல்தான்; திருக்குறளின் 26ஆம் அதிகாரத்துக்கே புலால் மறுத்தல் என்று பெயர்.

ஒரு காலத்தில் ஆண்டு முழுவதும் ஒருசந்தி பரவிக் கிடந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, ஞாயிறு நீங்கலாகத் தபசு கால நாள்கள் எல்லாம் ஒருசந்தி. பெந்தகோஸ்து, மாதாவின் விண்ணேற்பு, சகல அர்ச்சியசிஷ்டவர் (புனிதர் அனைவர்) திருநாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றின் முந்தின நாளும் அப்படியே. இவை தவிர, ஆண்டில் நான்கு பருவங்களில் புதன், வெள்ளி, சனி என மும்மூன்று நாள். திருநாளுக்கு முன்னால் வயிறும் காத்திருந்தது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதைச் சுருக்கினார். இன்று கட்டாயமானவை சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே; அந்த நாள்களில் ஒரு நிறைவுணவும், காலையிலும் மாலையிலும் சிறிதளவும் உண்ணலாம். 18 வயது நிறைந்தவருக்கு, 59 வயது நிறையும் வரை இந்தக் கடமை. புலால் தவிர்த்தல் 14 வயது நிறைந்ததும் தொடங்கும். நோயாளிகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், கடும் உழைப்பாளிகள் ஆகியோரை ஒருசந்தி கட்டுப்படுத்தாது. எழுபது கடந்தும் விடாமல் ஒருசந்தி இருக்கிற பாட்டிமாரிடம் இதைச் சொன்னால், "அது கெடக்கட்டும் மக்களே" என்பார்கள்.

விட்ட வேளையின் சோறு யாருக்குப் போகிறது என்பது இதோடு சேர்ந்த கேள்வி. பசித்தோருக்கு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று எசாயா 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஏழைகளுக்கென்று கொடுக்கும் வழக்கமும், பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து கோயில் வளாகத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றுவதும் அந்த இறைவாக்கைச் சார்ந்தவை.

சரியான தமிழ் எது? உபவாசம் என்றால் இறைவன் அருகில் தங்கியிருத்தல். பொருள் அழகானது, ஆனால் வழக்கில் முழுப் பட்டினியைக் குறிக்கிறது. விரதம், எடுத்துக்கொண்ட உறுதி. இன்று வழிபாட்டு நூல்கள் ஆளும் நோன்பு நல்ல தமிழ். பொறுத்தல் என்னும் பொருளுடைய நோன்றல் அதற்கு உறவு. ஆனாலும் அது எல்லா வகை நோன்புக்கும் பொது. ஒருசந்திக்கு அளவெடுத்த தமிழ் ஒருபொழுது. அகராதியிலும் உண்டு, "ஒருபொழுது இருக்கிறேன்" என்று மக்கள் வாயிலும் உண்டு. பூசை திருப்பலியாகவும் ஞானஸ்நானம் திருமுழுக்காகவும் மாறியபோது ஒருசந்தியை மட்டும் பொதுவான நோன்புக்குள் கரைத்துவிட்டோம். மறைக்கல்வி ஏடுகளில் ஒருபொழுது என்று எழுதலாம். அம்மைமாரின் ஒருசந்தியைத் திருத்த வேண்டியதில்லை.