ஒரே நிறம்தானே என்று பெரிய ஓவியங்களில் பெயிண்ட் பூசாதீர்கள்

ஆளுயரத்தைத் தாண்டிய ஓவியம். நடுவில் பெரிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக முக்கோணங்கள், வெளியே தாமரை இதழ் வரிசை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த வட்டம் மெல்ல ஆழமாகிக்கொண்டே போக வேண்டும். என்னிடம் வந்தபோது அது ஆழமாகவே இல்லை. இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்புத் திட்டு, கண் நேராக அதில்தான் போய் நிற்கிறது. யாரோ பக்தியோடு தொட்டிருக்கிறார்கள். விரல் தடம் தெரிந்ததும் இன்னொருவர் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். துடைத்த இடம் மினுங்க ஆரம்பித்ததும் மூன்றாமவர் ஒரு கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட் டியூப் வாங்கிவந்து மேலே பூசிவிட்டார். தொடுவது, துடைப்பது, பூசுவது. ஓவியச் சீரமைப்பு வேலையில் இதை இதே வரிசையில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மூன்றில் எனக்கு அதிகம் கோபம் வருவது கடைசியில்தான். "வெறும் கறுப்புதானே, முகமா கண்ணா, ஒரு கோட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. முகம், மரம், துணி மடிப்பு என்று உருவங்கள் நிறைந்த ஓவியத்தில் சின்னப் பழுதை ஒளிக்க இடம் உண்டு. ஒரே நிறம் விரிந்து கிடக்கும் வடிவியல் ஓவியத்தில் அப்படி எதுவும் கிடையாது. விளிம்பின் கூர்மையும் பரப்பின் சமத்தன்மையும் மட்டும்தான் அங்கே நம் கண்ணுக்குக் கிடைக்கிற தகவல். அதில் ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பினால், ஆழம் என்று தோன்றிய வட்டம் உடனே பெயிண்ட் பூசிய துணியாகிவிடும். நிறமி ஒன்றாகவே இருந்தாலும் அதைப் பிடித்துவைக்கும் பசை வேறாக இருந்தால் பளபளப்பு மாறும், உருளையால் பூசியதும் தூரிகையால் பூசியதும் பக்கத்தில் பக்கத்தில் வேறாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய நிறம் இரவு விளக்கில் தனியாகப் பிரிந்து நிற்கும். உங்கள் டியூபில் எழுதியிருக்கும் பெயர் ஓவியர் வாங்கிய டியூபிலும் எழுதியிருந்தது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

தொழில் தெரிந்தவர்களுக்கே இது சறுக்கும் இடம். அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமனின் ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமான சிவப்பு ஓவியம் ஒன்று 1986இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் கத்தியால் கிழிக்கப்பட்டது. சீரமைத்து 1991இல் திரும்ப மாட்டியபோது, கிழிசல் மறைந்தது, கூடவே அந்தச் சிவப்பின் உயிரும் போய்விட்டது என்று பெரிய சண்டை. சிவப்பின் மேல் புதிதாகப் பெயிண்ட் பூசப்பட்டிருந்ததுதான் குற்றச்சாட்டு. இன்னொரு அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட் 1960களில் வரைந்த கறுப்புச் சதுர ஓவியங்களின் பாடு இன்னும் மோசம். ஒன்பது கட்டங்களாகப் பிரிந்து, நடுவே சிலுவை போன்ற வடிவம் சில நிமிடங்கள் பார்த்த பிறகுதான் தெரியவரும். அந்த மங்கல் பரப்புக்காகப் பெயிண்டிலிருந்து எண்ணெயையே பிரித்தெடுத்தார் அவர். அதனால் ஒரு விரல் பட்டாலே தடம் நிற்கும். அதையும் தொடுகிறார்கள்!

பூசாமலே வழி கண்டவர்களும் உண்டு. ஓவியர் மார்க் ரோத்கோ அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்து 1964இல் மாட்டிய பெரிய ஓவியங்கள் சன்னல் வெயிலில் வெளுத்துப்போயின, 1979இல் கழற்றிவிட்டார்கள். 2014இல் காட்சிக்கு வைத்தபோது ஒரு துளி பெயிண்டும் சேர்க்கவில்லை. இழந்த நிறத்தைக் கணக்கிட்டு புரொஜெக்டர் ஒளியாக அவற்றின் மேல் விழவைத்தார்கள். விளக்கை அணைத்தால் உள்ளது உள்ளபடி. எங்கள் தொழிலில் அடிப்படை விதி இதுதான்: நாம் செய்ததை நாளைக்கு ஒருவர் எடுத்துவிட முடிய வேண்டும். உங்கள் கறுப்பு அக்ரிலிக் காய்ந்துவிட்டால், அடியில் இருப்பதும் அக்ரிலிக் என்றால், கீழே உள்ளதைக் கெடுக்காமல் மேலே உள்ளதை எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

சரி, என்ன செய்யலாம். தூசி தெரிந்தால் முதலில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கேயாவது பெயிண்ட் எழும்பியோ உரிந்தோ இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். ஒன்றும் இல்லையென்றால், சுத்தமான மென்மையான தூரிகையால் லேசாக, உலர்வாக. அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், யாரோ வீடியோவில் காட்டிய ரொட்டித் துண்டும் உருளைக்கிழங்கும் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் படலம் சாதாரண அறை வெப்பத்திலேயே மிருதுவாகத்தான் இருக்கும், தூசி அதில் ஒட்டிப் பதியும், அதனால்தான் பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றி அனுப்பினால் அந்த வட்ட வட்டத் தடங்களோடு வந்து சேர்கிறது. படம் தெய்வீகமானது என்பதற்காக விளக்கையும் ஊதுபத்தியையும் அதன் அடியிலேயே வைக்காதீர்கள், தயவுசெய்து. எண்ணெய்ப் புகை படிந்த, பளபளப்பில்லாத பரப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காது. வணங்க வேண்டுமா, தாராளமாக வணங்குங்கள், நான்கடி தள்ளி நின்று.

நேர் வெயிலும் வேண்டாம். பெரிய கேன்வாஸை நாற்காலி முனையில் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், இன்று குழியாகத் தெரிவது பிறகு வட்ட வட்டமாக வெடிக்கும். சுருட்டியே ஆகவேண்டும் என்றால் பெயிண்ட் வெளிப்பக்கம் இருக்கட்டும், குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது, குளிரில் மட்டும் கூடாது.

ஓவியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எந்த நிறுவனத்தின் பெயிண்ட், எத்தனை பூச்சு, வார்னிஷ் உண்டா இல்லையா என்று கேன்வாஸின் பின்சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதே பூச்சுகளை ஒரு சின்ன அட்டையிலும் பூசிக் கூடவே கொடுத்துவிட்டால், எங்கள் சோதனைகளை அந்த அட்டையில் செய்துகொள்வோம், ஓவியத்தைத் தொட வேண்டியிருக்காது.

ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டதா? நிறுத்துங்கள். உதிர்ந்த துணுக்குகளைக் காகித உறையில் எடுத்து வையுங்கள், படம் பிடியுங்கள், சீரமைப்பாளரைக் கூப்பிடுங்கள். எதைக் கொண்டு துடைத்தீர்கள், எதைப் பூசினீர்கள், முடிந்தால் டியூபையும் எடுத்துவந்து, மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை, எங்களுக்கு அந்தத் தகவல்தான் வேண்டும்.